ஒரு லிட்டர் தூரம்

கார்புரேட்டர் ஆறுச்சாமிக்கு ஒரே ஒரு சீடர்தான். குருவுக்கு வயது நாற்பத்தைந்து. சீடருக்கு அறுபத்தெட்டு.

சீடரின் பெயர் மருதாசலம். கோவைக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில் பதினைந்து வருடம் சங்கத் தலைவராக இருந்தவர். மில் மூடியது. சங்கம் மூன்றாக உடைந்தது. மூன்றுக்கும் கொடி இருந்தது, பிடிக்க ஆள் இல்லை. கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது சங்கத்தின் பழைய பியட் கார். இத்தாலிக்காரன் வரைந்து பம்பாயில் பூட்டிய வண்டி. வேறு யாரும் கேட்காததால் அவரிடமே நின்றுவிட்டது.

அதை ஓட வைக்கத் தானே மெக்கானிக் தொழில் கற்றுக்கொள்வது என்று ஐந்து வருடத்துக்கு முன் ஆறுச்சாமியின் பட்டறைக்கு வந்தார். வந்த அன்றே ஒரு சிக்கல். ஆயுளில் யாரையும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை, இனியும் வராது என்றார். பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார் ஆறுச்சாமி. வேலை சொல்லித் தருகிறவரைப் பேர் சொல்லவும் மருதாசலத்துக்கு நா எழவில்லை. அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 'வாத்தியார்' என்று முடிவானது.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாமுங்களா தோழர்?" என்றார் ஆறுச்சாமி.

மருதாசலம் சிரிக்கவில்லை.

தொழிலைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பிளக், பாயிண்ட், டேப்பெட், கார்புரேட்டர் எல்லாம் கை பழகிவிட்டது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த வண்டி ஒரு காலத்தில் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அதுவும் உள்ளே ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து, கூரைமேல் ஒலிபெருக்கி கட்டி, கூட்டத்துக்குக் கூட்டம் ஓடிய காலத்தில். இப்போது அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டினால் எட்டு.

தை மாதம் ஒரு மத்தியானம் தேவசகாயத்தின் மகள் புளோரா பட்டறைக்கு வந்தார்.

தேவசகாயம் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், மில் கதவு சாத்திப் பதினோரு மாதம் ஆனபோது, கணக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விலகினார். 'கருங்காலி தேவசகாயம்' என்று தலைப்பிட்டு மருதாசலம் நோட்டீஸ் அடித்தார். மில் கேட்டில் ஒட்டினார். தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச்சின் மதில்மேலும் ஒட்டினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆறு மாதம் கழித்து அதே காகிதத்தில் மருதாசலமும் கையெழுத்துப் போட்டார். அதற்கு யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை.

புளோரா உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள் என்றார். இதே சாலையில் கிழக்கே பதினாறாவது கிலோமீட்டரில் கள்ளிவலசு, ரோட்டை ஒட்டிய வீடு.

"யாரு பேசினாலும் திரும்பறதில்லைங்க பெரியப்பா. பழைய கார் சத்தம் ஏதாச்சும் கேட்டா மட்டும் ரோட்டுப் பக்கம் பாக்கறாரு."

மருதாசலம் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வண்டி பெட்ரோலைக் குடிக்குதம்மா. சரி பண்ணிட்டு வர்றேன்னு சொல்லு."

புளோரா போன பிறகு, வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஆறுச்சாமி, கள்ளிவலசுக்கு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறதே என்றார். அவன் முன்னால் அந்த வண்டியில்தான் போய் இறங்குவேன் என்றார் மருதாசலம். குரு மறுபடி நட்டைத் திருகினார்.

ஐந்து வாரம் ஓடியது. மருதாசலம் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிப் பூட்டினார். பிளக்கை மாற்றினார். டயருக்குக் காற்றை அளந்து அடித்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பாட்டில் கட்டி ஓட்டிப் பார்த்தார். பழைய வண்டிக்கு மைலேஜ் பார்க்கும் வழி அதுதான். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் பாட்டிலை பானெட்டுக்குள் கயிற்றால் கட்டி, அதில் குழாயைச் செருக வேண்டும். வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் ஒரு லிட்டரின் தூரம்.

அவர் ஓட்டிப் பார்த்தது மில்லைச் சுற்றி. மில் இப்போது இல்லை. உள்ளே இடித்து மனை பிரித்துவிட்டார்கள், சுற்றுச்சுவர் மட்டும் நிற்கிறது. ஒரு சுற்று சரியாக இரண்டு கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ஊர்வலம் போன அதே பாதை. ஒவ்வொரு தடவையும் நாலாவது சுற்றின் முடிவில், பழைய கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. அங்கிருந்து பட்டறைக்கு இருநூறு அடி. தனியாகத் தள்ளிக்கொண்டு வருவார்.

எட்டு. எட்டு. மறுபடியும் எட்டு.

மாசி கடைசியில் புளோரா போன் செய்தார். கஞ்சியும் இறங்கவில்லையாம். அதைத் தவிர எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவுமில்லை.

மருதாசலம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றார்.

"வாத்தியாரே, நீங்க சொல்லிக் கொடுத்த எல்லாத்தையும் செஞ்சுட்டேன். ஒரு குத்தம் இல்லை. பின்னே ஏன் எட்டு?"

ஆறுச்சாமி எழுந்தார். பாட்டிலில் ஒரு லிட்டர் ஊற்றினார். தானே பானெட்டைத் தூக்கிக் கட்டினார். குழாயைச் செருகினார். பானெட்டை மூடினார்.

"இந்த ரோட்டுலயே கிழக்கே போங்க. எங்கயும் திரும்பக் கூடாது. நின்னதும் போன் பண்ணுங்க."

"நடு ரோட்டுல நின்னுட்டா?"

"நிக்கறதுக்குத்தானுங்க பாட்டில்."

மருதாசலம் வண்டியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

"தள்ள ஆளில்லாத இடத்துல நின்னுட்டா, வாத்தியாரே?"

ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "அதுக்காகத்தானுங்களா இத்தனை நாளும் மில்லையே சுத்துனீங்க?"

ஒரு கேனில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்துக்கொள்கிறேன் என்று மருதாசலம் கையை நீட்டினார். ஆறுச்சாமி கேனை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

காலை பத்து மணி. வெயில் ஏறியிருந்தது. முன் சீட் ஒரே நீளமான மெத்தை. அதில் மூன்று பேர் உட்காருவார்கள். இடது ஓரம் எப்போதும் தேவசகாயத்துடையது. வண்டி வழியில் நின்றால் முதலில் குதித்து இறங்கித் தோள் கொடுப்பவன் அவன். சங்கம் இருந்த நாளில் மருதாசலம் ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. தலைவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்பான் தேவசகாயம். சரிதான் என்று அவரும் உட்கார்ந்திருப்பார். பின்னால் நாற்பது கை இருந்தது, வண்டி பூப்போலப் போனது.

இப்போது அந்த ஓரத்தில் அவருடைய துண்டு கிடந்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில் அவருடைய கை தானாகவே கியரைக் குறைக்கப் போய், பாதியில் நின்றது. மில்லைச் சுற்றும்போது சுற்றுக்கு நாலு மூலை. மூலைக்கு மூலை பிரேக், இரண்டாவது கியர், மறுபடி மிதி. இங்கே மூலையே இல்லை. வண்டி டாப் கியரில், ஒரே மூச்சில், யாரோ கூப்பிட்டது போலப் போய்க்கொண்டிருந்தது.

எட்டு தாண்டியது. ஒன்பது. பத்து.

பதினொன்றில், ஆயுளில் முதல் முறையாக, வண்டி நின்றுவிட்டால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பதிமூன்றில் நடுத்தடுப்பில் ஒரு திறப்பு வந்தது. திரும்பிவிடலாம். குருவுக்குத் தெரியப் போவதில்லை. மருதாசலம் வேகத்தைக் குறைத்தார். போய் நின்று என்ன சொல்வது? அவனால் பேச முடியாது. இவர்தான் பேச வேண்டும். ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் இல்லாமல் பேசியவர்தான். நீ போட்ட அதே காகிதத்தில் நானும் போட்டேன் என்பதற்கு எத்தனை வார்த்தை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தார். அதற்குள் திறப்பு பின்னால் போய்விட்டது.

பதினாலில் வண்டி இரண்டு தடவை இருமியது. ஓரம் ஒதுங்கி நின்றது.

இரண்டு பக்கமும் சோளத்தட்டு அறுத்த வெறுங்காடு. தூரத்தில் இரண்டு காற்றாலைகள், ஒன்று மட்டும் சுற்றியது. ஒரு லாரி நிற்காமல் போனது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. எதிரே பச்சைப் பலகை: கள்ளிவலசு 2 கி.மீ.

மருதாசலம் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். யாரும் இறங்கவில்லை. பின்னால் யாரும் தோள் கொடுக்கவில்லை. கண்ணாடியில் ரோடுதான் தெரிந்தது.

போனை எடுத்தார்.

"நின்னுடுச்சு, வாத்தியாரே."

"எவ்வளவுங்க?"

"பதினாலு."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுவது கேட்டது.

"அப்ப வண்டி மேல குத்தமில்லைங்க."

"இல்லை," என்றார் மருதாசலம். "சரி, பாத்தாச்சு. இனி நான் எப்படித் திரும்பி வர்றது?"

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்க, தோழர்?"

மருதாசலம் போனை வைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். துண்டை எடுத்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். திறந்த கண்ணாடி வழியே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, கதவுத் தூணில் தோளைக் கொடுத்தார்.

முதலில் அசையவில்லை. பிறகு, சத்தமே இல்லாமல், நகர்ந்தது.