ஒரு வாய்ச் சேதி

முன்னொரு காலத்திலே, எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு எதையுமே படிக்காத ராஜா ஒருவர் இருந்தார். அவர் பட்டணத்தில் வாந்திபேதி பரவியது. வைத்தியர்கள் நோயாளியின் பேர், தெரு, நாடி, கொடுத்த கஷாயம் என்று எழுதி எழுதி அனுப்ப, அரண்மனையில் ஓலை மலையாகக் குவிந்தது. நோய் மட்டும் போகவில்லை.

வைத்தியசாலைகளுக்கு அதிகாரி வீரசேகரர். "அரசே, இது நெசவாளர்கள் கொண்டுவந்த நோய். அவர்களை ஊரைவிட்டு அனுப்பிவிட்டால் தீரும்" என்றார்.

விதூஷகன் சாத்தன் உடனே முன்னால் வந்தான். அவன் மனைவி நங்கை நெசவுத் தெருக்காரி.

"ஓலை என்ன சொல்கிறது என்று பார்க்காமலா, அரசே?"

அவனைக் கண்டாலே வீரசேகரருக்கு ஆகாது. "இவனே பார்த்துச் சொல்லட்டும். ஆனால் சேதி ஒரு வாய்க்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் இவனும் நெசவாளர்களோடு நடையைக் கட்டட்டும்!"

"பலே! ஒரு வாய்தான். மூன்று நாள் தவணை" என்றார் ராஜா.

சாத்தன் ஓலைகளை வீட்டுக்கு அள்ளிப்போனான். நாடிக் கணக்கைப் படித்துப் படித்துத் தலை சுற்றியது.

"நாடி கிடக்கட்டும். தெருவாரியாகப் பிரியுங்கள்" என்றாள் நங்கை.

பிரித்தார்கள். மூன்று தெருக்களின் ஓலைகள்தான் இடுப்பளவு நின்றன. அதில் நெசவுத் தெரு ஒன்று. மற்றவை குயவர் தெருவும் தச்சர் தெருவும். சாத்தன் நேரே போய் விசாரித்தான். மூன்று தெருவுக்கும் குடிதண்ணீர் தென்குளத்தில். குளத்தில் வந்து விழுந்தது வீரசேகரரின் புதுமாளிகைச் சாக்கடை!

மூன்றாம் நாள் சபையில் சாத்தன் ஒரு கிண்ணம் தண்ணீரை நீட்டினான்.

"இதென்ன?"

"தாங்கள் கேட்ட ஒரு வாய், அரசே. அத்தனை ஓலையும் இதற்குள் அடக்கம். தென்குளத்துத் தண்ணீர். முதலில் அதிகாரி ருசி பார்க்கட்டும்."

வீரசேகரர் துள்ளிப் பின்வாங்கினார். "ஐயையோ! அதில் சாக்கடை அல்லவா..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யார் வீட்டுச் சாக்கடை?" என்றார் ராஜா.

சாத்தன் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். அன்றே சாக்கடை அடைபட்டது. குளத்துக்குக் காவல் போட்டார்கள். புதுக்கிணறு வெட்டி முடியும்வரை, மூன்று தெருவுக்கும் நல்ல தண்ணீர் சுமக்கும் வேலை வீரசேகரருக்கு.

பேதி ஓய்ந்த பிறகு ராஜா தம் கைக் கடகத்தைக் கழற்றிச் சாத்தனிடம் நீட்டினார்.

"பிரிக்கச் சொன்னவள் நங்கை, அரசே. அவளுக்குத்தான் சேரும்."

"அப்படியானால் நீ என்னதான் செய்தாய்?"

"நான் குனிந்து எடுத்து அடுக்கினேன். இடுப்புதான் பிடித்துக்கொண்டது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். நங்கைக்குக் கடகம் போனது. சாத்தன் இடுப்புக்குப் பொன் அரைஞாண் வந்தது.