பொந்துக்கு வந்த உடைந்த அலகு

நாங்கு மரத்தின் உச்சிப் பொந்துக்குள் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசிவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்குக் கீற்று மட்டும் மிஞ்சும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துபோகும். புதிதாக முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

பொன்னலகியின் கணவன் கருஞ்சிறகன் நாள் தவறாமல் வந்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு 'ஊஷ்... ஊஷ்...' என்று அவன் சிறகு ஒலிக்கும். அதைக் கேட்டதும் அவளும், பொரித்து ஐந்தே நாளான குஞ்சும் வாயைத் திறந்துகொள்வார்கள்.

ஒரு காலை அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூடுபனி மட்டும் கீற்று வழியே உள்ளே வந்தது.

மூன்றாம் நாள் மதியம் மரப்பட்டையை ஏதோ சுரண்டியது. சுரண்டல் கீழிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறியது. சிறகுச் சத்தமே இல்லை. கீற்றில் வெளிச்சம் மறைந்தது. ஓர் அலகு உள்ளே நுழைந்து அத்திப்பழம் ஒன்றை நீட்டியது. நுனி உடைந்த அலகு. கருஞ்சிறகனின் அலகு உடைந்ததில்லை.

யார் என்று அவள் கேட்டாள். அலகு பழத்தை இன்னும் உள்ளே தள்ளியது. பசி தாங்காமல் பழத்தை வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டினாள். இன்னொரு பழம் வந்தது. பிறகு இன்னொன்று. பழம் தீர்ந்ததும் சுரண்டல் கீழிறங்கித் தேய்ந்துபோனது. அன்று முதல் அது தினமும் வந்தது. ஒரு சொல் பேசவில்லை.

பக்கத்து மரத்து மந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தி காய்த்திருந்தது மலைமுகட்டுக்கு அப்பால். அங்கே போய்வர மந்திக்குச் சோம்பல். ஆனால் பழம் பொந்துக்குள் போவதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

அது கீற்றருகே வந்து உட்கார்ந்து துக்கம் விசாரித்தது. கருஞ்சிறகனைக் கழுகு அடித்துவிட்டது என்றும், பாறைமேல் இறகு கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னது. அது உண்மைதான். பிறகு குரலைத் தாழ்த்தியது.

"உங்கள் இனத்தில் கணவனைத் தவிர யாரும் ஊட்டுவதில்லை. உன் வீட்டுக்காரன் செத்துப்போனான். அப்படியானால் தினமும் வருவது எது?"

பொன்னலகி கீற்றிலிருந்து பின்னுக்கு ஒதுங்கினாள்.

"செத்தவன் தருவதைத் தின்றால் குஞ்சையும் அவன் கூட்டிக்கொண்டு போய்விடுவான். வாங்காதே. கீழே தள்ளிவிடு" என்றது மந்தி.

அடுத்து சுரண்டல் கேட்டதும் அவள் குஞ்சை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அலகு பழத்தை நீட்டியபடி வெகுநேரம் அசையாமல் நின்றது. அவள் தட்டிவிட்டாள். மறுபடி நீட்டியது. மறுபடி தட்டினாள். இரண்டு நாள் இப்படியே போனது. கீழே மந்திக்கு வயிறு நிறைந்தது. மேலே குஞ்சின் அழுகை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வாயைத் திறந்தாலும் சத்தம் வரவில்லை.

வெளியே நிற்கும் ஆவியைவிட அந்த அமைதிதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது. அலகு மீண்டும் நுழைந்தபோது அதை இறுகக் கவ்விக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு வந்தது. கீற்றில் ஒரு கண் தெரிந்தது. வெள்ளைக் கண்!

ஆண் இருவாச்சிக்குக் கண் சிவந்திருக்கும். பெண்ணுக்குத்தான் வெளுப்பு.

"நீ என் கணவனின் ஆவி இல்லை. யார் அக்கா நீ?" என்று பிடியை விட்டுக் கேட்டாள்.

அலகு வெளியே போனது. பிறகு கரகரத்த குரல் ஒன்று பேசியது.

"என் பெயர் சாம்பலி. போன வருஷம் என் கணவனையும் அதே கழுகுதான் கொண்டுபோனது. நானும் இப்படித்தான் உள்ளே இருந்தேன். யாரும் வரவில்லை. சிறகு முளைக்கும் முன்பே சுவரை உடைத்துக்கொண்டு விழுந்தேன். இறக்கையும் அலகும் ஒடிந்தன. தத்தித் தத்தித் திரும்ப ஏறி வருவதற்குள் குஞ்சு செத்துவிட்டது."

இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை என்று பொன்னலகி கேட்டாள்.

"பெண் குரல் கேட்டால், முறையில்லை என்று நீ வாங்க மாட்டாயோ என்று பயந்தேன்."

சாம்பலி பழத்தை மறுபடி நீட்டினாள். பொன்னலகி அதை வாங்கிக் குஞ்சின் வாயில் பிழிந்தாள். அது விழுங்கியது. அதன் பிறகுதான் கருஞ்சிறகனுக்காக அழுதாள். சாம்பலி போகாமல் பட்டையைப் பற்றிக்கொண்டு வெளியே இருந்தாள். மரத்தடியில் காத்திருந்த மந்திக்கு அன்று ஒரு பழமும் விழவில்லை.

புதுச் சிறகு முளைத்ததும் பொன்னலகி சுவரை உடைத்து வெளியே வந்தாள். மூவரும் ஒரே மரத்தில் தங்கினார்கள். தகப்பன் இல்லை, தாய் மட்டும் இரண்டு, இது என்ன குடும்பம் என்று மற்ற இருவாச்சிகள் முணுமுணுத்தன. குஞ்சு அதைக் காதில் வாங்கவில்லை. ஒருத்தியை அம்மா என்றும் மற்றவளைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு, இருவரிடமும் பழம் வாங்கித் தின்று வளர்ந்தது.

பசியறிந்து வந்து நிற்பவரே குடும்பம். அவர் நமக்கு என்ன முறை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.