முந்திக்கொண்ட மெயின்

“ஒரு மோட்டார் கெட்டா அது ஒண்ணுதானே நிக்கணும்? மில்லு மொத்தமும் ஏன் தாயி நிக்குது?”

கேட்டவர் தவசிலிங்கம். நூற்பாலையில் முப்பது வருஷமாக கரண்டைக் கட்டி மேய்க்கிறவர்.

கேட்டது ஜெயசுதாவிடம். அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அந்த வட்டாரத்தில் பிரேக்கர் சங்கதியில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

“இந்த மாசம் நாலு தடவை தாயி. இன்னொரு தடவை மில்லு இருண்டா நீ வீட்டோட இருந்துக்கோன்னுட்டாரு முதலாளி.”

ஜெயசுதா மில்லு மொத்தத்துக்கும் கரண்டை வெட்டிவிடுகிற மெயின் பிரேக்கர் முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு திருகு. பழுது வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்து விழுந்து கரண்டை நிறுத்தலாம் என்று வைக்கிற திருகு.

பூஜ்யத்தில் இருந்தது.

“யாரு வச்சது அண்ணாச்சி?”

“நான்தான். எல்லாத்துக்கும் பெரிய பிரேக்கரு. கண்கொத்திப் பாம்பா இருக்கணும்ல?”

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தில் நரைத்த மீசையோடு ஃபிட்டர் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, நேத்து எந்த மோட்டாரு போச்சு?” என்று அவரைக் கேட்டாள்.

“ஏழாம் நம்பர் மிஷின் மோட்டாரு,” என்றார் தவசிலிங்கம்.

“எப்படிண்ணே போச்சு?” அவள் முப்பிடாதியைத்தான் பார்த்தாள்.

“ஒயரு உரசி ஷார்ட்டு,” என்றார் தவசிலிங்கம்.

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“அவன் பன்னெண்டுக்கே முடிச்சிருவான்.”

முப்பிடாதி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தவசிலிங்கத்துக்குத் தலை சுற்றியது. “என் சோத்துக்கு வழி கேட்டா, நீ அவன் சோத்தை விசாரிக்கியே தாயி!”

“அண்ணே,” என்றாள் அவள் மறுபடியும். “ஏழாம் நம்பருக்குன்னு தனியா சின்ன பிரேக்கர் இருக்குல்ல. அது வேலை செய்யுதா?”

தவசிலிங்கம் வாயைத் திறந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தப் பக்கம் மிஷின்கள் இரைந்தன. தவசிலிங்கத்துக்கு நாக்கு அரித்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா? இந்தக் கை எதுக்கு? ஒன்றும் விளங்கவில்லை.

முப்பிடாதி தொண்டையைச் செருமினார்.

“நல்லாத்தாம்மா வேலை செய்யுது. ஆனா அது விழப்போற நேரத்துக்கு மெயினு முந்தி விழுந்திருது. நாலு தடவையும் பாத்துட்டேன்.”

தவசிலிங்கம் அதிர்ந்து திரும்பினார்.

“ஏலே! நாலு தடவையும் பாத்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு?”

“எங்க அண்ணாச்சி சொல்ல விட்டீக?”

தவசிலிங்கம் பதிலுக்கு வாயெடுத்து, மூடிக்கொண்டார். கை மட்டும் மெல்லப் போய்த் திருகைத் தொட்டது.

“ரொம்பத் திருக வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் ஜெயசுதா. “கால் செகண்டு பொறுத்தா போதும்.”