தொண்ணூறில் இருக்கும் நூறு

"ஒருத்திக்காக ஒரு வகுப்பே நிக்கணுமா மேடம்?"

எமிலி டீச்சர் எழுந்து நின்றே கேட்டுவிட்டார்.

பயிற்சிக் கூடம் கப்சிப் என்று ஆகிவிட்டது. இதைக் கேட்க வேண்டும் என்று அங்கே வந்திருந்த எல்லா ஆசிரியர்களுக்கும் ஆசைதான். வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

கணக்குப் பயிற்சி கொடுக்க வந்த மரியம் பீவி, எமிலி டீச்சரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எமிலி டீச்சருக்கு அதுவே ஒரு கடுப்பு. நேற்று வேலைக்கு வந்தது நமக்குப் பாடம் நடத்துதாக்கும் என்று, பயிற்சி தொடங்கின முதல் நாளிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாப் பிள்ளைக்கும் புரிஞ்ச பெறகுதான் அடுத்த பாடம்னு சொல்லுதீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட மூணாங்கிளாஸ்ல இசக்கியம்மான்னு ஒண்ணு இருக்கு. அதக் கட்டிக்கிட்டு அழுதா வருஷம்தான் முடியும், போர்ஷன் முடியாது."

"என்ன வரல அவளுக்கு?" என்றார் மரியம்.

"சொல்லச் சொல்ல நூறு வரைக்கும் எழுத வரல. எம்பத்தொம்பது வரைக்கும் சட்டுசட்டுன்னு எழுதிருவா. அதுக்கு மேல என்ன பிசாசு பிடிக்குமோ, கண்டபடி எழுதி வைப்பா. திட்டியும் பாத்தாச்சு. ஸ்கேலால உள்ளங்கையில போட்டும் பாத்தாச்சு. கடைசியில அவ அம்மாவக் கூப்பிட்டு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன், இவ மண்டையில கணக்கு ஏறாதுன்னு."

"சரி. இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"அவள விட்டுட்டு மத்த பிள்ளைங்களோட மேல போகலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

மரியம் மேசையில் இருந்த பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினார். எல்லாம் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கட்டுகள். நூறு குச்சியைச் சேர்த்துக் கட்டிய பெரிய கட்டுகள். பிறகு அவரும் அந்தக் குச்சிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், நான் இன்னைக்குத்தான் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கேன். எனக்கு ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் தெரியும். நூறு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் எடுத்து வைக்கேன்."

எமிலி டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் நம்மை இப்படிப் பொம்மை விளையாட விடுகிறார்களே என்றிருந்தது. இருந்தாலும் எல்லாரும் பார்க்கிறார்கள். முன்னால் போய் நின்றார்.

"இருபது."

மரியம் இரண்டு சின்னக் கட்டுகளை எடுத்து வைத்தார்.

"முப்பது."

இன்னொன்று.

"நாப்பது. அம்பது. அறுபது."

சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டாகச் சேர்ந்தது.

"எழுபது."

"ஏழு பத்தா டீச்சர்?"

"ஆமா."

"எம்பதுன்னா எட்டு பத்து. அடுத்தது நானே சொல்லிருவேன் போலருக்கே," என்று மரியம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "சொல்லுங்க டீச்சர்."

"தொண்ணூறு."

மரியம் சட்டென்று எல்லாக் கட்டுகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நூறு குச்சி இருந்த பெரிய கட்டைத் தூக்கி நடுவில் வைத்தார்.

கூடம் கொல்லென்று சிரித்தது.

"தப்பு மேடம்," என்றார் எமிலி டீச்சர்.

"ஏன் டீச்சர்? நூறுன்னுதான சொன்னீங்க?"

"தொண்ணூறுன்னு சொன்னேன்."

"அதத்தான் சொல்லுதேன். நூறுன்னு காதுல விழுந்துச்சே."

"விழும் மேடம். அதுல நூறு இருக்கு. ஆனா நூறு இல்ல."

மறுபடியும் ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதியிலேயே அடங்கிவிட்டது. ஏனென்றால், தான் என்ன சொன்னோம் என்று எமிலி டீச்சரே திகைத்துப் போய் நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு பத்துக்குப் பேரு எம்பது," என்றார் மரியம். "அப்ப ஒம்பது பத்துக்கு எதுக்கு டீச்சர் நூறுன்னு பேரு வச்சிருக்கு?"

எமிலி டீச்சர் தொண்ணூறு என்று மெல்லத் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

அவர் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல் அது. சந்தையில் சொல்லியிருக்கிறார், பஸ்ஸில் சொல்லியிருக்கிறார், கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்திருக்கிறார். அதற்குள்ளே ஒரு நூறு உட்கார்ந்திருப்பது ஒரு நாளாவது காதில் ஏறியிருக்க வேண்டுமே! ஏறவே இல்லை.

பின் வரிசையில் இருந்த ஒரு சார் தனக்குத்தானே முணுமுணுத்தார். "எண்ணூறுல நூறு இருக்கு, சரி. தொள்ளாயிரத்துல ஆயிரம்..." அதோடு நிறுத்திக்கொண்டு, "அட கடவுளே!" என்று தலையில் கை வைத்தார்.

மரியம் எழுந்து கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"ஒரு எண் சொல்லுங்க டீச்சர். நான் எழுதுதேன்."

"தொண்ணூத்தி நாலு."

"கடைசியில என்ன சொன்னீங்க?"

"...நூத்தி நாலு."

மரியம் எழுதினார்: 104.

எமிலி டீச்சர் கரும்பலகைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

அதே எண். இசக்கியம்மா எழுதிய அதே எண். அதற்கு மேலே சிவப்பு மையால் பெரிதாகக் குறுக்கே அடித்தது இவர்தான். ஸ்கேலை எடுத்ததும் இவர்தான். கண்டபடி எழுதுகிறாள் என்றல்லவா நினைத்தார்! கண்டபடி எங்கே எழுதினாள்? கேட்டபடி அல்லவா எழுதியிருக்கிறாள்!

"மேடம்," என்றார். "அவ காது குடுத்துக் கேட்டிருக்கா மேடம்."

மரியம் தலையை மட்டும் ஆட்டினார்.

"என் வகுப்புல வேற ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. நாங்க சும்மா மனப்பாடமா எழுதிட்டுப் போயிருக்கோம்."

மரியம் ஒன்பது சின்னக் கட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கினார். பக்கத்தில் நூறு குச்சிக் கட்டை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டு அளவுக்கு இடம் விட்டார். பிறகு எமிலி டீச்சரை ஏறிட்டுப் பார்த்தார்.

அவ்வளவுதான். இதைச் செய்து காட்ட எத்தனை நேரம் ஆகியிருக்கும்! இதைக்கூட அந்தப் பிள்ளைக்குச் செய்து காட்டாமல் அடி அடியென்று அடித்திருக்கிறோமே என்று நினைத்த எமிலி டீச்சர் கைப்பையில் செல்போனைத் துழாவி எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினார்.

இசக்கியம்மாவின் அம்மா சண்முகக்கனி எடுத்தாள்.

"சண்முகக்கனி, நான் எமிலி டீச்சர் பேசுதேன். உன் பிள்ளையப் பத்தி அன்னைக்குச் சொன்னேன் பாரு, அது தப்பு கேட்டியா. அவ நல்ல..."

"அத விடுங்க டீச்சர்," என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். "நீங்க உள்ளதத்தான சொன்னீங்க. படிப்பு ஏறாத பிள்ளய அங்க விட்டு என்ன செய்யன்னு அவ அப்பா சொல்லிட்டாவ. நீங்க பயிற்சிக்குப் போன அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. பீடி சுத்தப் பழகுதா."

எட்டு வயசுப் பிள்ளை. பீடி.

எமிலி டீச்சர் திரும்பிப் பார்த்தார். பின்னாலேயே மரியம் வந்து நின்றிருந்தார்.

"நிப்பாட்டிட்டாங்களாம் மேடம். நான் சொன்ன ஒத்த வார்த்தைக்கு நிப்பாட்டிட்டாங்களாம். நான் பாவி, நான் இப்ப என்ன செய்ய?"

மரியம் உள்ளே போனார். எமிலி டீச்சரின் கைப்பையையும் குடையையும் எடுத்து வந்து நீட்டினார்.

"சாயங்காலம் வருகைப் பதிவுல கையெழுத்து போடணுமே மேடம்?"

"பஸ் போயிரும் டீச்சர்."

எமிலி டீச்சர் போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை கையில்தான் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி வைத்தார்.

வீட்டு வாசலில் சண்முகக்கனி பதறி எழுந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க," என்று பாயைத் தேடினாள்.

இசக்கியம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பீடித் தட்டு. இலையை மடக்கிக்கொண்டிருந்தவள், டீச்சரைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

எமிலி டீச்சர் பாய்க்குக் காத்திருக்கவில்லை. வெறுந்தரையில் அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏட்டி இசக்கி, டீச்சர் அடிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. தொண்ணூறுன்னு நான் சொல்லும்போது, உனக்கு அதுல நூறுன்னு கேக்குமாட்டி?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். டீச்சரின் கையைப் பார்த்தாள்.

"முந்தி கேக்கும் டீச்சர்."

"இப்ப?"

"இப்பக் கேக்கல டீச்சர்," என்றாள். "சத்தியமாக் கேக்கல."