காணாமல் போன ஸ்பேனரும் மூன்று பெரிய மனிதர்களும்

மணிமுடியூர் ராஜா மகரவர்மனிடம் பதினோரு விமானங்கள் இருந்தன. ராஜா காலத்தில் ஏது விமானம் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை வேண்டும் என்பவர்கள் உட்காருங்கள்.

விமானங்களைப் பறக்கவிட்டு நாடு நாடாக ஆட்களை ஏற்றி இறக்குவது மந்திரி பூதலிங்கரின் பொறுப்பு. பறந்து களைத்து வரும் விமானங்களைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டி அனுப்புவது அரண்மனைப் பட்டறையின் வேலை. அதன் தலைவன் மாசாத்தன். அவன் ஓலையில் முத்திரை வைக்காமல் எந்த விமானமும் தரையை விட்டு எழும்பக் கூடாது. ராஜாவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாலும் கூடாது.

பூதலிங்கருக்கு இது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. "பறக்க வேண்டியதைப் பத்து நாள் படுக்கப் போட்டிருக்கிறான், மகாராஜா! பட்டறையை என் மைத்துனனிடம் கொடுங்கள். இரண்டே நாளில் முடித்துவிடுவான்" என்று ராஜாவின் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார். அந்த மைத்துனன் அதுவரை பழுது பார்த்தது வீட்டு ஊஞ்சல் ஒன்றைத்தான். அதுவும் அறுந்து விழுந்தது.

ராஜாவும் ஒருநாள் கரைந்துவிட்டார். "மாசாத்தா, வெள்ளிக்கிழமை மதியம் பெரிய விமானத்தில் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்கு நான் போயாக வேண்டும். அது தயாராக இல்லையென்றால் பட்டறை மைத்துனருக்கு!"

மாசாத்தனும் ஆட்களும் சோறு தண்ணீர் பார்க்காமல் உழைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் குலகுரு வந்து பூசணிக்காய் சுற்றினார். சேனாதிபதி உக்கிரசேனர் காவல் பார்க்க வந்தார். பூதலிங்கர் "சும்மா ஒரு பார்வை" என்று வந்தார். மூவரும் விமானத்துக்குள் ஏறி, "பிரமாதம்!" என்று சொல்லி இறங்கிப் போனார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் பெரிய பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பு மையால் வரைந்து, மேலே ஆணி அடித்திருப்பார்கள். வேலை முடிந்தால் கருவி தன் ஆணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் விமானம் நகராது. காணாமல் போன கருவி என்ஜினுக்குள் கிடந்தால் வானத்தில் அது தன் வேலையைக் காட்டிவிடும் அல்லவா?

மாசாத்தன் பலகையைப் பார்த்தான். ஆட்கள் சாப்பிடப் போகும்போது நிறைந்திருந்த பலகையில் இப்போது ஒரு ஸ்பேனரைக் காணோம்.

விமானத்தைப் பிரித்துத் தேட நான்கு நாள் ஆகும். அதற்குள் பட்டறை போய்விடும், இருநூறு பேர் பிழைப்பு ஊஞ்சல் நிபுணர் கைக்குப் போய்விடும். பேசாமல் முத்திரை வைத்துவிடலாமா? மனசு ஒப்பவில்லை. வந்தவர்களில் யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளேயே போட்டாரா, மடியில் செருகிக்கொண்டாரா, யார் கண்டது? பெரிய மனிதர்களின் மடியைத் தடவிப் பார்த்தால் தலை தங்காது.

மதியம் ராஜா பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"முத்திரை வைக்க முடியாது, மகாராஜா. ஒரு ஸ்பேனரைக் காணோம்."

"ஒரு ஸ்பேனருக்காக நான் கல்யாண விருந்தை விடுவதா?"

பூதலிங்கர் தொண்டையைக் கனைத்தார். "ஸ்பேனரைத் தொலைக்கிறவனிடம் இத்தனை பெரிய பட்டறையா, மகாராஜா?"

மாசாத்தன் கைகூப்பினான். "ஒரு வழி இருக்கிறது. காலையில் இதைப் பார்த்துப் பிரமாதம் என்ற மூன்று பெரியவர்களில் ஒருவர் ஏறி, ஊரை ஒரு சுற்று சுற்றி வரட்டும். பத்திரமாக இறங்கினால் முத்திரை வைக்கிறேன். ஏறுகிற வீரருக்கே பட்டறையையும் கொடுத்துவிடுங்கள்."

"சபாஷ்!" என்றார் ராஜா. "சேனாதிபதி, ஏறும்!"

ஏழு போர் கண்ட உக்கிரசேனர் தன் கால் கட்டை விரலைப் பார்த்தார். "எதிரே வருகிற எதிரியை வெட்டுவேன், மகாராஜா. என்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் எதிரியை என்ன செய்வது?"

"குருவே, நீர்?"

"எனக்கு இன்று சந்திராஷ்டமம்."

"நேற்றும் அதைத்தானே சொன்னீர்?"

"அது இரண்டேகால் நாள் இருக்கும், மகாராஜா."

பூதலிங்கர் மேல்துண்டை இறுக்கிக் கட்டினார். "நான் ஏறுகிறேன்!"

"ஐயா, யோசித்துக்கொள்ளுங்கள்" என்றான் மாசாத்தன். "ஸ்பேனர் சிக்கினால் எலும்புகூடத் தேறாது."

"ராஜகாரியத்துக்கு முன்னால் என் உயிர் என்ன பெரிசு? என் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறேன். அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. வேண்டுமானால் மாமியாரையும்..."

"மாமியார் வேண்டாம்" என்றார் ராஜா. "அது தைரியத்தில் சேராது."

கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் நின்ற மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பூதலிங்கர் சிரித்தபடி முதல் படியில் கால் வைத்தார்.

"நில்லுங்கள்! ஸ்பேனர் கிடைத்துவிட்டது" என்றான் மாசாத்தன்.

"எங்கே?" என்றார் ராஜா.

"அது எங்கே இருக்கிறது என்று சேனாதிபதிக்குத் தெரியாது, பயந்தார். குருவுக்குத் தெரியாது, பயந்தார். எனக்கும் தெரியாது, காலையிலிருந்து நடுங்குகிறேன். பெற்ற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறாரே, விமானத்துக்குள் அது இல்லை என்று இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, மகாராஜா?"

பூதலிங்கர் தேள் கொட்டிய திருடனாக விழித்தார். வலக்கை அவரை அறியாமல் இடுப்புக் கச்சையைத் தொட்டது. வீரம் திரும்பிவந்த உக்கிரசேனர் கச்சையைப் பிடித்து இழுத்தார். ஸ்பேனர் படியில் 'டங்' என்று விழுந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "மூவருமே ஏறாமல் இருந்திருந்தால்?"

"விமானத்தைப் பிரித்திருப்பேன். எங்கள் பட்டறை போயிருக்கும். நீங்கள் இருந்திருப்பீர்கள்."

ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். மாசாத்தன் ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு வந்து முத்திரை வைத்தான்.

ராஜா ஏறி அமர்ந்தார். "பூதலிங்கரே, மகன் கீழே நிற்கட்டும். நீர் மட்டும் வாரும்!"

பூதலிங்கரின் முழங்கால்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

"ஸ்பேனர்தான் கிடைத்துவிட்டதே, இப்போது ஏன் நடுக்கம்?" என்றார் ராஜா.

"ஸ்பேனர் எங்கே என்று எனக்கு எப்போதுமே தெரியும், மகாராஜா. என்னை எங்கே இறக்கிவிடப் போகிறீர்கள் என்றுதான் தெரியவில்லை!"