பெரிய சார் போட்ட சிக்குக் கோலம்

போன மார்கழி பஜனையில் சுண்டல் கொடுத்தபடியே கோமதி மதினி சொன்ன கதை இது.

ஐந்தாம் வகுப்பு இசக்கியம்மாளுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே எழுத்தெல்லாம் கலைந்து ஓடும். ஆண்டுவிழாவுக்காகப் பள்ளி வாசலில் அவள் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சர் தலைமையாசிரியரான பெரிய சாரிடம், "இவளுக்கு டிஸ்லெக்ஸியா, சார். எழுத்தை வாசிக்கிறதுல வர்ற குறைபாடு" என்றார்.

"டிஸ்லெக்ஸியாவாவது மண்ணாங்கட்டியாவது! சோம்பேறித்தனம்! உத்துப் பாத்தா வராதா? ஏ புள்ள, நாளையிலிருந்து மூணாம் வகுப்புல போய் உக்காரு!"

இசக்கி எழுந்து கோலமாவை நீட்டினாள். "சரி சார். மிச்சக் கோலத்தை நீங்க முடிச்சிருங்க."

"இதென்ன பிரமாதம்!" வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். புள்ளியைச் சுற்றிய கோடு எங்கோ போய் முட்டியது. அழித்துப் போட்டார், மறுபடியும் முட்டியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உத்துப் பாருங்க சார். எங்க தெருவுல எல்லாரும் போடுவாங்க."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்! கோடு பின்னிக்கிட்டு ஓடுதே!"

"எனக்கு எழுத்தும் அப்படித்தான் ஓடுது சார். நம்ம ரெண்டு பேருமே சோம்பேறியா?"

மூக்கெல்லாம் மாவோடு நிமிர்ந்தார் பெரிய சார். "இல்ல தாயி. நீ உன் வகுப்புலயே இரு. டீச்சர், இவளுக்கு எப்படிச் சொன்னா புரியுமோ, அப்படிச் சொல்லிக்கொடுங்க."

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று வாசிக்கத் திணறினால், பக்கத்தில் உட்கார்ந்து ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள், அம்மா.