கோட்டுக்குள் நிற்கும் தண்டனை

சங்கரன்கோவிலில் டயர் கடை மாடியில் ஒரு குரூப் ஃபோர் பயிற்சி மையம். நடத்துபவர் சொர்ணலிங்கம், ‘கணிதப் புயல்’ என்று தனக்குத் தானே பேனர் வைத்துக்கொண்டவர். முக்கோணத்தின் பரப்பை யாராவது தப்பாகச் சொன்னால், அதே முக்கோணத்தைக் கயிறு வைத்து அளந்து, தரையில் சாக்பீஸால் வரைந்து உள்ளே நிற்க வைப்பார். மூன்றாவது தடவை நின்றால் அப்படியே வெளியே போய்விட வேண்டியதுதான்.

பூமாரி ஏற்கெனவே இரண்டு தடவை நின்றுவிட்டாள். சும்மா சந்தேகம் கேட்கிறாள் என்று அவளை அவருக்கு ஆகாது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளை எழுப்பிவிட்டார். புத்தகத்தைப் பார்க்காமல் வாய்க்கு வந்த கணக்கைச் சொன்னார்.

“பக்கம் அஞ்சடி, ஏழடி, பன்னிரண்டடி. பரப்பு என்ன? பத்து எண்ணுவேன்.”

எண்ண ஆரம்பித்தார். ஒன்பது வந்தபோது பூமாரி வாயைத் திறந்தாள்.

“பூஜ்ஜியம் சார்.”

“உன் மார்க்கை யார் கேட்டா? பையை எடு!”

“மொதல்ல உள்ள நிக்கணுமே சார். வரைங்க, நின்னுட்டே போறேன்.”

குனிந்து பன்னிரண்டடிக்குக் கோடு போட்டார். ஒரு முனையில் ஐந்தடிக் கயிறு, மறுமுனையில் ஏழடிக் கயிறு. இரண்டையும் கோட்டுக்கு மேலே இழுத்து முட்டவைக்கப் பார்த்தார், எட்டவில்லை. கோட்டின் மேலேயே படுக்கப்போட்டால்தான் நுனிகள் தொட்டன. மறுபடி அளந்தார்.

பூமாரி செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டோரம் வந்து கைகட்டி நின்றாள்.

“நிக்கிறேன் சார். இதுல உள்பக்கம் எதுன்னு மட்டும் காட்டுங்க.”